ஓரமாக வைத்த சனீஸ்வரன்

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு எதையெல்லாம் காட்டலாம் என்பதற்கு எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பெண்ணைக் காட்டலாம். வீட்டைக் காட்டலாம். தோட்டத்தைக் காட்டலாம், கிணற்றில் தண்ணீர் கிடந்தால் கிணற்றையும் காட்டலாம். சனீஸ்வரனை மட்டும் காட்டக் கூடாது.

நான் காட்டினேன்.

அதுவும் எங்கே வைத்து? சின்னமனூரில். குச்சனூருக்குக் கூப்பிடு தூரத்தில். மற்ற ஊர்களில் சனீஸ்வரன் நவக்கிரகத்தில் ஒருவராகக் கூட்டத்தோடு நிற்பார். குச்சனூரில் அவர்தான் மூலவர். சனிக்கிழமையானால் எங்கள் ரோட்டில் சைக்கிள்கூடத் திருப்ப முடியாது. எள்ளு விளக்கு, காக்காய்க்குச் சோறு என்று ஊரே அவரைத் தாஜா செய்துகொண்டிருக்கும். அவர் எதிரே மட்டும் யாரும் நேருக்கு நேர் நிற்க மாட்டார்கள். அவர் பார்வை நேராக மேலே விழக் கூடாதென்று ஓரமாக ஒதுங்கி நின்று, பக்கவாட்டிலிருந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எம்.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்த நானும் ஓரமாகத்தான் நின்றேன். (எதற்கு வம்பு?)

அந்தக் காலத்தில் எனக்கு ஒரு கிறுக்கு இருந்தது. டெலஸ்கோப் கிறுக்கு. மொட்டைமாடியில் என் இடுப்புக்கு மேல் உயரத்தில் ஒரு தடித்த குழாய் நின்றிருக்கும். அடியில் பெரிய கண்ணாடி வெளிச்சத்தைச் சேர்க்கும்; மேலே குழாயின் பக்கவாட்டில் ஒரு சின்ன வில்லைக் குழல் இருக்கும். அதில்தான் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஐபீஸ் என்று பெயர். என்னிடம் இரண்டு ஐபீஸ் இருந்தன. ஒன்று சின்னது, ஒழுங்கானது, ஆனால் சாவித் துவாரத்தில் எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும். இன்னொன்று ஆன்லைனில் ஆசைப்பட்டு வாங்கியது. வானத்தையே வாரி அகலமாகக் காட்டும். நடுவில் பொய் சொல்லாது. ஓரத்துக்குப் போகப் போக வாயைத் திறந்தால் புளுகு.

அந்தப் புளுகு எங்கள் வீட்டில் முன்பே ஒருமுறை சந்தி சிரித்தது. ஒருநாள் பட்டப்பகலில் அப்பா அதில் எங்கள் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்தார். குழாய் எதையும் தலைகீழாகக் காட்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அதற்குத் தயாராகத்தான் இருந்தார். ஓரத்தில் நேர்கோடுகள் வில்லாக வளையும் என்பதை நான் சொல்லவில்லை. "ஐயையோ, பந்தக்கல்லு பூராம் வளைஞ்சு கெடக்கே!" என்று செருப்புக்கூடப் போடாமல் தோட்டத்துக்கு ஓடினார். கல்தூண்கள் நட்டபடியே நின்றன. திரும்பி வந்தவர் அதற்குப் பிறகு அந்தக் குழாயோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது முத்துராஜ் கதைக்கு வருகிறேன். அவர் கால்நடை மருத்துவர். எங்கள் பசு கன்று போட முடியாமல் தவித்த ஒரு சாயங்காலம் வந்தார். கரண்டு இல்லை. தோள்வரை கையை உள்ளே விட்டுக்கொண்டு, "டார்ச்ச கொஞ்சம் இங்கன காட்டுங்க டீச்சர்" என்றார். காட்டினேன். கன்று வந்து விழுந்தது. முகமெல்லாம் என்னென்னவோ அப்பிக்கிடக்க, அந்தக் கன்றைப் பார்த்து அவர் சிரித்தார் பாருங்கள், அதோடு நான் ஒழிந்தேன். (அந்த நேரத்தில், அந்த நாற்றத்தில் ஒருத்திக்குக் காதல் வருமா என்று கேட்காதீர்கள். வந்துவிட்டது.) அதற்கப்புறம் எங்கள் பசுவுக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போனது. முடியவில்லை என்பது பசுவுக்கே தெரியாது.

அவருக்கும் விஷயம் புரிந்து, முறைப்படி கேட்டு வரச் சொல்லி வீட்டில் பேசினார். அவர்களுக்கு வடுகபட்டி. அவருடைய அம்மா பேச்சியம்மாள் அங்கே பூண்டு மண்டி நடத்துபவர். மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தால் போதும், எந்த மலைப் பூண்டு, எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு சொத்தைப் பல் வெளியே போகாது என்று சந்தையில் பேச்சு. இந்தக் கண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அதில்தான் இருக்கிறது.

ஜாதகம் பார்த்தார்கள். எல்லாம் பொருந்தியது. ஆனால் எனக்கு ஏழரைச் சனி முடிகிற கட்டம். "அவரு மொதல்ல வெலகட்டும். அப்பறம் வர்றோம்" என்று பேச்சியம்மாள் சொல்லிவிட்டார். எங்கள் அம்மா சனிக்கிழமை தவறாமல் குச்சனூருக்குப் போய், ஓரமாக நின்று, அவரை வழியனுப்பக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஒருவழியாக அவரும் போனார். வைகாசியில் பெண் பார்க்க நாள் குறித்தார்கள்.

எங்கள் பக்கம் கை நனைப்பது என்று ஒன்று உண்டு. பெண் பார்க்க வந்த இடத்தில் காபி பலகாரமெல்லாம் கணக்கில் வராது. சம்பந்தம் பிடித்துப்போனால் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம். நனைக்காமல் படியிறங்கினால் கதை முடிந்தது. அன்றைக்கு அம்மா பருப்பு, பாயசம், ஆமவடை, வாழைக்காய் என்று கல்யாணச் சாப்பாட்டையே சமைத்துவைத்திருந்தாள்.

சாயங்காலம் வேனில் வந்து இறங்கினார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. நான் காபி கொடுத்தேன், சிந்தவில்லை. பேச்சியம்மாள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "எம் மகன் கையி எந்நேரமும் மாட்டு வாடை அடிக்கும். சகிச்சுக்குவியாத்தா?" என்று கேட்டார். "பழகிருச்சுங்க அத்தை" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். முத்துராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அந்த இடத்தில் ஒருவர் எழுந்து இலை போட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

அப்பளம் பொரிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. அந்த இடைவெளியில் மாப்பிள்ளையின் தாய்மாமா வாயைத் திறந்தார்.

"ஆமா, மாடியில என்னமோ பீரங்கி கணக்கா நிக்குதே, அதென்ன?"

"டெலஸ்கோப் மாமா. டீச்சரு வச்சிருக்காக. வானத்துல உள்ளதெல்லாம் கிட்டத்துல தெரியும்" என்றார் முத்துராஜ், பெருமை தாங்காமல்.

அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. வாருங்கள் வாருங்கள் என்று எல்லாரையும் மாடிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். வெயில் இறங்கி, வானம் இன்னும் முழுக்க இருட்டாத வேளை. மேற்கே கேரள மலைப் பக்கம் வியாழன் பளிச்சென்று நின்றிருந்தது. வியாழன் என்றால் குரு. குரு பார்க்கக் கோடி நன்மை என்று பால் குடிக்கிற பிள்ளைகூடச் சொல்லும். நான் குருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கிழக்கே மேகமலைப் பக்கம் கையை நீட்டினேன்.

"அந்தா, மலைக்கு மேல மஞ்சளா ஒண்ணு தெரியுதுல்ல? அதுதான் சனி!"

பரிசு அறிவிப்பவள்போல் சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தேன். யாரும் கை தட்டவில்லை. மாடிப்படியின் தலைப்பில் ஜல்லிக்கரண்டியோடு வந்து நின்ற அம்மாவின் முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் எழுத முடியாது.

பேச்சியம்மாள் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார். "யாரு, சனீஸ்வரனா?"

"ஆமாங்க அத்தை. வளையத்தோட தெரியும். ரொம்ப அழகா இருக்கும்."

"இப்பத்தான ஒன்னைய விட்டுப் போனாரு. அதுக்குள்ள திரும்பக் கூப்பிட்டுப் பாக்கணுமாக்கும்?"

கேட்டாரே தவிர, கண் குழாயின் மேலேயே இருந்தது. அவருக்கும் ஆசைதான். கொஞ்சம் யோசித்துவிட்டு என் காதருகே வந்தார். "பாக்குறேன்த்தா. ஆனா நேருக்கு நேரா பாக்க மாட்டேன். கோயில்லயே ஓரமாத்தான நிப்போம்? அவர நடுவுல வைக்காம கொஞ்சம் ஓரமா வையி."

இந்த இடத்தில் மூளை உள்ள ஒருத்தி என்ன செய்திருப்பாள்? இந்த வில்லையின் ஓரம் சரியிருக்காது, வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். குழாயில் மாட்டியிருந்தது அந்த ஆன்லைன் ஐபீஸ்; அதன் கோளாறுகள் எனக்கு மனப்பாடம். ஓரத்தில் வெளிச்சம் சாய்வாக நுழையும். ஒரு புள்ளியில் கூடாது. இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு போகும். நடுவில் புள்ளியாக நிற்கும் நட்சத்திரம் ஓரத்துக்குப் போனால் அதற்கு றெக்கை முளைத்துவிடும். நிறமும் பிரியும். ஒருபக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம். இதெல்லாம் தெரியும். ஆனால் வருங்கால மாமியார் முதன்முதலாகக் கேட்ட ஒரு விஷயத்தை மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? குழாயை ஒரு தட்டுத் தட்டி, சனீஸ்வரனை நானே ஓரத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

பேச்சியம்மாள் குனிந்து கண்ணை வைத்தார். கண்ணையும் சும்மா வைக்கவில்லை, பயத்தில் ஒருபக்கமாகச் சாய்த்து வைத்தார். அந்த வில்லையில் கண் கொஞ்சம் விலகினாலும் மொச்சைக்கொட்டை வடிவத்தில் கறுப்பாக ஒரு நிழல் குறுக்கே ஓடும். வானம் வெளிறிக் கிடந்த நேரம் என்பதால் அந்த நிழல் இன்னும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஆத்தாடி!"

"என்னாச்சுங்க அத்தை?"

"கறுப்பா என்னமோ பறந்து போகுது... அந்தா நிக்குது... றெக்கைய விரிச்சிருக்கு. நீலமாத் தெரியுது." நிமிர்ந்து தன் தம்பியைப் பார்த்தார். "காக்காடா! காக்கா வாகனத்துலயே வந்து நிக்கிறாருடா!"

தாய்மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். அவர் கும்பிட்டு, கன்னத்தில் போட்டு, எந்தக் கண்ணை மூடுவது என்று முடிவு செய்வதற்குள் பூமி தன் வேலையைப் பார்த்துவிட்டது. பூமி சுற்றுவதால், தட்டி வைத்த கிரகம் ஓர் ஓரத்தில் நுழைந்து மெல்ல நகர்ந்து நடுவுக்கு வரும். மாமா கண்ணை வைத்தபோது சனி கச்சிதமாக நட்ட நடுவில் இருந்தது. நடுவில்தான் என் வில்லை புளுகாதே! றெக்கை கிடையாது, நீலம் கிடையாது. சின்னதாக, தெளிவாக, வளையத்தோடு நின்றது.

"காக்காயெல்லாம் இல்லியே அக்கா... றெக்கைய மடக்கிட்டாரே..." என்றவர், சட்டென்று பின்னால் துள்ளினார். "ஐயையோ, நம்ம பக்கம் திரும்பிட்டாரு! நேரா என்னையத்தான் பாக்குறாரு!"

துள்ளிய வேகத்தில் அம்மா வளர்த்த கற்றாழைத் தொட்டி உடைந்தது.

பேச்சியம்மாளுக்குத் தம்பி சொன்னதில் நம்பிக்கை இல்லை. பயத்தையும் மறந்து மறுபடி குனிந்தார். நான் சனியை நடுவிலேயே பிடித்துக் கொடுத்தேன். "எங்கடா மடக்கிருக்காரு? விரிச்சுத்தான இருக்காரு. ஒனக்குக் கண்ணு தெரியல."

"ஒனக்குத்தான்க்கா தெரியல. றெக்கையே இல்ல."

"இருக்குங்கிறேன்ல!"

இரண்டு பேர் ஒரே பொருளைப் பார்த்து இரண்டு விதமாகச் சொன்னால் மற்ற மனிதர்களுக்குச் சங்கடம் வரும். எனக்குள்ளே இருந்த டீச்சருக்கோ குஷி வந்தது. மாப்பிள்ளை, சம்பந்தம், கீழே ஆறிக்கொண்டிருக்கும் பாயசம் எல்லாம் மறந்துபோயின. நடுவில் வைத்தும் றெக்கை தெரிகிறதென்றால் இது வேறு கோளாறு. யாருடையது? நான் ஐபீஸைப் பிடித்து மெதுவாகச் சுழற்றினேன்.

"அத்தை, இப்பப் பாருங்க. நான் இதத் திருப்புறேன். றெக்கை திரும்புதா?"

"இல்ல. அப்பிடியேதான் இருக்கு."

"சரி, இப்ப நீங்க தலைய இந்தப் பக்கம் சாய்ங்க."

சாய்த்தார். மண்டியில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிறவர், என் பேச்சைக் கேட்டுச் சின்னப் பிள்ளைபோல் தலையைச் சாய்த்தார். இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது.

"ஆமா... றெக்கையும் கூடச் சேந்து சாயுது."

"அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கமும் சாயுதுத்தா!"

"அப்படின்னா கோளாறு என் லென்ஸ்ல இல்லங்க அத்தை!" என்று கூவினேன். "உங்க கண்ணுலதான் இருக்கு!"

அதோடு நிறுத்தினேனா? வகுப்பில் யாராவது சரியான விடை சொன்னால் கை தட்டுகிற பழக்கம் எனக்கு. தட்டினேன். இரண்டு கையையும் சேர்த்து, படபடவென்று தட்டினேன்.



பேச்சியம்மாள் நிமிர்ந்தார். "எங் கண்ணுலயா?"

"இல்லங்க அத்தை, அது வந்து, வெளிச்சம் கண்ணுக்குள்ள ஒரு புள்ளியில கூடாம..."

"இந்தக் கண்ண வச்சுத்தான் நான் மண்டி நடத்துறேன். இந்தக் கண்ண வச்சுத்தான் புள்ளைய வளத்தேன். நொள்ளக்கண்ணுங்கிறியா?"

"அம்மா, டீச்சரு என்ன சொல்றாகன்னா..." என்று முத்துராஜ் ஆரம்பித்தார்.

"நீ பேசாத. எனக்கு ஒண்ணு சொல்லு. பொண்ணு பாக்க வந்த எடத்துல எங்கண்ணப் பாத்துக் கை தட்டுறா, நீயும் நின்னு பாத்துக்கிட்டு இருக்க."

விறுவிறுவென்று கீழே இறங்கினார். கீழே அப்பா இலைகளை வரிசையாகப் போட்டுத் தண்ணீர்கூடத் தெளித்துவிட்டார். கூடை நிறைய அப்பளம். தாய்மாமா அந்த அப்பளத்தைப் பார்த்த பார்வையில் ஓர் ஏக்கம் இருந்தது. ஆனால் அக்காவை மீறி உட்கார அவருக்குத் தைரியம் இல்லை. "சொல்லி விடுறோம்" என்றார் பேச்சியம்மாள். எங்கள் பக்கம் அதற்கு அர்த்தம், சொல்லிவிட மாட்டோம் என்பது. முத்துராஜ் வேனில் ஏறும்போது ஒருதரம் திரும்பிப் பார்த்தார். வேன் போய்விட்டது.

அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவரப் போகச் சொல்லி எத்தன வாரம் எள்ளு வெளக்குப் போட்டேன்! பாவி மக, நீ குழாய வச்சு வீட்டுக்கே கூட்டியாந்துட்டியேடி!"

"பந்தக்கல்லு வளைஞ்சு தெரிஞ்ச அன்னைக்கே அத எடைக்குப் போட்டுருக்கணும்" என்றார் அப்பா.

நான் மாடிக்குப் போனேன். குழாய்க்கு மூடி போட்டேன். உடைந்த தொட்டியின் மண்ணைக் கூட்டி அள்ளும்போதுதான் அழுகை வந்தது. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அவருடைய அம்மாவையும் பிடித்திருந்தது. மாட்டு வாடையைச் சகிப்பாயா என்று ஒரு பெண்ணிடம் நேராகக் கேட்கிற மாமியார் யாருக்குக் கிடைப்பார்? அப்படிப்பட்டவரைத் தலையைச் சாய்க்கச் சொல்லிச் சோதனை எலிபோல் நடத்தி, கடைசியில் கையும் தட்டிவிட்டேன். நான் சொன்னது சரிதான். சரியாகச் சொல்லி என்ன பிரயோஜனம்? தப்பாகவே ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மிஞ்சிய சாப்பாட்டை நாங்கள் சாப்பிடவில்லை, இறங்கவில்லை. அப்பா மனசு கேட்காமல் ஆமவடையையும் வாழைக்காயையும் சோற்றோடு பிசைந்து பசுவுக்கு வைத்துவிட்டார். மறுநாள் பசுவுக்கு வயிறு உப்பிக்கொண்டது. இத்தனை நாள் இல்லாத சீக்கையெல்லாம் சொல்லி டாக்டரைக் கூப்பிட்ட எங்களுக்கு, நிஜமாகவே சீக்கு வந்தபோது கூப்பிட முகம் இல்லை. பசு படுத்தபிறகுதான் அப்பா போனை எடுத்தார்.

முத்துராஜ் வந்தார். நேராகத் தொழுவத்துக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து, "டார்ச்ச இங்கன காட்டுங்க டீச்சர்" என்று குரல் வந்தது. போனேன். காட்டினேன்.

"அம்மா ரொம்பக் கோவமா இருக்காகளா?" என்று கேட்டேன்.

"கோவந்தான். ஆனா இப்ப யாரு மேலன்னுதான் தெரியல." மாட்டின் வயிற்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வீட்டுக்கு வந்ததுலருந்து தலையச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பாத்துக்கிட்டு இருக்காக. டியூப்லைட்டு, தெருவிளக்கு, சாமி விளக்கு. எம் பைக்கு லைட்டப் போடச் சொல்லி, வாசல்ல நின்னு தலைய இங்கிட்டும் அங்கிட்டும் சாய்க்கிறாக. எல்லாத்துக்கும் றெக்கை இருக்காம். எல்லா றெக்கையும் கூடச் சேந்து சாயுதாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மண்டியில எப்படிப் பூண்டு பாக்குறாக?"

"அதத்தான் டீச்சர் நானும் கேட்டேன். ரொம்ப நாளாவே வெரல்ல தேச்சுத்தான் பாக்குறாகளாம். கண்ணு மங்குதுன்னு யாருட்டயும் சொல்லல. மண்டியில பல்பு சரியில்ல, இந்த வருசம் பூண்டு சரியில்லன்னு ஆளுகள வஞ்சுக்கிட்டே இருந்திருக்காக." அவர் கை நின்றது. "தெனமும் மாட்டுக் கண்ண இமைய விரிச்சுப் பாக்குறேன். எங்கம்மா கண்ண நான் ஒருநாள்கூடப் பாக்கல."

மாடு ஏப்பம் விட்டது. பிழைத்துக்கொண்டது.

அந்த வாரமே முத்துராஜ் தன் அம்மாவை மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இரண்டு கண்ணிலும் புரை. கூடவே, விளக்குக்கெல்லாம் றெக்கை முளைக்கவைக்கிற சிதறல் பார்வை. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் சிரமம் என்றார்களாம். ஆடி மாதம் எப்படியும் நல்ல காரியம் எதுவும் கிடையாது என்று அந்த மாதத்திலேயே ஒவ்வொரு கண்ணாக ஆபரேஷன் நடந்தது; சிதறலையும் சரிசெய்கிற வில்லை வைத்தார்கள். எங்களுக்கு ஒரு வார்த்தையும் சொல்லிவிடவில்லை. முத்துராஜ் மட்டும் பசுவை விசாரிக்கிற சாக்கில் போன் செய்வார். நானும் பசுவைப் பற்றியே பதில் சொல்வேன்.

ஆவணி பிறந்த ஒரு சாயங்காலம். அம்மா அடுப்படியில் ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் பைக் நின்றது. பின்னால் இருந்து பேச்சியம்மாள் இறங்கினார். பெரிய கறுப்புக் கண்ணாடி. ஒரு கையில் மலைப்பூண்டுக் கொத்து, மறு கையில் எள்ளுப் பொட்டலம். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து, "வாங்க மதினி" என்றாள்.

"அந்தக் குழாயி இருக்கா, எடைக்குப் போட்டுட்டீகளா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் மாடிப்படி ஏறினார்.

நான் பின்னாலேயே ஓடி மூடியைக் கழற்றினேன். "நெலாவைக் காட்டட்டுங்களா அத்தை?"

"நெலாவப் பாக்கவா வடுகபட்டியிலருந்து வந்தேன்? அவரத்தான் காட்டு."

சனியைத் தேடிப் பிடித்தேன். "ஓரமா வைக்கவா?"

அவர் புதுக் கண்ணால் குழாயை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எள்ளை ஒரு வெற்றிலையில் வைத்துக் குழாயின் காலடியில் வைத்தார். அப்புறம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏன்டி, குழா மூஞ்சி அவரப் பாத்து இருக்கு. கண்ணு வைக்கிற துளை இந்தப் பக்கம் இருக்கு. நான் குழாய்க்கு ஓரமாத்தான நிக்கிறேன்? அன்னைக்கும் இப்பிடி ஓரமாத்தான நின்னேன்? ஒரு தடவ ஓரமா நின்னா பத்தாதா? அதுக்குள்ளயும் எதுக்கு ஓரமா வச்ச?"

ஓரமா வையி என்று கேட்டதே அவர்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. இந்த முறை வாயை மூடிக்கொண்டேன். நான் வாழ்க்கையில் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மகனிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். தலையை இடது பக்கம் சாய்த்தார். வலது பக்கம் சாய்த்தார். நேராக வைத்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. நானும் முத்துராஜும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"றெக்கை இல்ல" என்றார், கண்ணை எடுக்காமலே. "எள்ளுத்தண்டி சின்னதா இருக்காரு. சுத்தி ஒரு வட்டம். யாரையும் பாக்கல. அவரு பாட்டுக்கு இருக்காரு." பிறகு மெதுவாக, "எம்புட்டுத் தெளிவா இருக்கு" என்றார். அப்போது அவர் குரல் உடைந்தது.

கீழே இறங்கியதும், "எலையப் போடுங்க மதினி" என்றார்.

அம்மா பதறிப்போனாள். அன்றைக்கு வீட்டில் இருந்தது சோறு, ரசம், கொஞ்சம் துவையல். அப்பளம்கூட இல்லை. அந்த ரசத்தில்தான் கை நனைந்தது. இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கினார். என் கல்யாணம் அப்படித்தான் நிச்சயமானது.

தாய்மாமாவுக்கு மட்டும் இன்றுவரை சமாதானம் இல்லை. சனீஸ்வரன் தனக்காக மட்டுமே றெக்கையை மடக்கினார் என்று விசேஷ வீடுகளில் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரும் மறுப்பதில்லை.

எங்கள் வீட்டில் அதற்குப்பிறகு எந்தச் சண்டை வந்தாலும் ஒரே தீர்ப்புதான். தோசை தீய்ந்தது கல்லால் என்று நான் சொன்னாலும், பைக் கிளம்பாதது பெட்ரோலால் என்று முத்துராஜ் சொன்னாலும், கணக்கில் மார்க் குறைந்தது மிஸ்ஸால் என்று மகள் சொன்னாலும், "தலையச் சாய்ச்சுப் பாத்தியா?" என்று அத்தை கேட்பார். சாய்த்தால் கோளாறும் கூடவே சாய்கிறதா? அப்படியானால் அது உன்னுடையது. இத்தனை வருடத்தில் இதற்கு எங்களில் யாரும் அப்பீல் கண்டுபிடிக்கவில்லை.

போன வாரம் நான் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். "இந்த டி.வி.ய மாத்தணும். கீழ ஓடுற எழுத்தெல்லாம் ரெட்டை ரெட்டையாத் தெரியுது" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த அத்தை, முறத்தைக் கீழே வைத்தார்.

"தலையச் சாய்ச்சுப் பாரு."

சாய்த்தேன். எழுத்தின் நிழலும் கூடவே சாய்ந்தது. அந்தப் பக்கம் சாய்த்தேன். அந்தப் பக்கமும் சாய்ந்தது. நான் ரிமோட்டை எடுத்து டி.வி.யை அணைத்தேன். அத்தை மடியிலிருந்த பூண்டுத் தோலை உதறிவிட்டு எழுந்து நின்று, இரண்டு கையையும் சேர்த்து, படபடவென்று தட்டினார்.